ஆற்றுக்குள் நுழைவதால் கப்பலின் எடை கூடுவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். கப்பல்கள் மிதப்பது பற்றி உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு வாக்கியங்களைத் திருத்தியே ஆக வேண்டும். கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும் கப்பலின் எடை இரண்டரை விழுக்காடு கூடுகிறது என்பது ஒன்று. அதனால் மிதவை ஆழமும் முன்னும் பின்னும் ஒரே சீராக இரண்டரை விழுக்காடு கூடும் என்பது மற்றொன்று. கடல்சார் படிப்பில் சேரும் மாணவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களை வெட்டி எடுத்துப் பாதுகாத்து வைப்பார்கள். ஆகவே கணக்கோடு சேர்த்தே எழுதுகிறேன்.

எடையிலிருந்து தொடங்குவோம். இரும்பு, இயந்திரம், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்ந்து 68,000 டன் என்றால், அந்தக் கப்பல் கடலில் நின்றாலும் ஆற்றில் நின்றாலும் 68,000 டன்தான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். மாறுவது அந்த நீரின் கன அளவு. ஒரு கன மீட்டர் கடல்நீர் 1.025 டன், நன்னீர் 1.000 டன் என்று வைத்துத்தான் கப்பல் கணக்குகள் போடப்படுகின்றன. எனவே அதே 68,000 டன்னைத் தாங்கக் கடலில் 66,341 கன மீட்டர் நீர் போதும். நன்னீரில் 68,000 கன மீட்டர் வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் 1,659 கன மீட்டருக்காகத்தான் கப்பல் மேலும் அமிழ்கிறது. இரண்டரை விழுக்காடு கூடுவது இந்தக் கன அளவு மட்டுமே.

இனி ஆழத்துக்கு வருவோம். மிதவை ஆழம் என்பது நீர்மட்டத்திலிருந்து ஏராவின் (கப்பலின் அடித்தண்டின்) அடிவிளிம்பு வரை உள்ள உயரம். கப்பல் பெட்டி வடிவத்தில் இருந்தால் கன அளவு கூடிய அதே விழுக்காட்டில் ஆழமும் கூடும். ஆனால் உண்மையான கப்பல் அடியை நோக்கிக் குறுகுகிறது. மேலே சொன்ன கப்பலின் கோடைக்கால மிதவை ஆழம், அதாவது கோடைக்காலத்தில் கடலில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச ஆழம், 12.80 மீட்டர் என்று கொள்வோம். 66,341 கன மீட்டரை 12.80ஆல் வகுத்தால் சராசரி கிடைமட்டப் பரப்பு சுமார் 5,183 சதுர மீட்டர். நீர்மட்டத்தில் இருக்கும் பரப்போ ஏறத்தாழ 5,660 சதுர மீட்டர். கூடுதல் நீர் இந்த அகன்ற மேல்மட்டத்தில்தான் விலக வேண்டியிருப்பதால் அதற்கு அவ்வளவு உயரம் தேவைப்படுவதில்லை. கட்டுரையின் விதிப்படி 320 மில்லிமீட்டர் அமிழ வேண்டிய கப்பல் உண்மையில் 293 மில்லிமீட்டர்தான் அமிழும். வித்தியாசம் 27 மில்லிமீட்டர். சிறியதாகத் தெரியலாம், ஆனால் இந்தக் கப்பலுக்கு அது 150 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு.

அந்த 293 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் ஏற்ற வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. கப்பல்காரர்கள் அதை டி.பி.சி. என்பார்கள். நீர்மட்டப் பரப்பை 1.025ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் அது கிடைக்கும். நம் கப்பலுக்கு 58. இடப்பெயர்ச்சியை, அதாவது விலக்கப்படும் நீரின் எடையை (கப்பலின் மொத்த எடையும் அதுவே), டி.பி.சி.யின் நான்கு மடங்கால் வகுத்தால் நன்னீர் அலவன்ஸ், அதாவது நன்னீரில் கூடுதலாக அமிழும் அளவு, மில்லிமீட்டரில் வரும். 68,000ஐ 232ஆல் வகுத்தால் 293. எதுவரை ஏற்றலாம் என்று காட்டக் கப்பலின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் சுமைக் கோடுகளில் கோடைக் கோட்டுக்கும் நன்னீர்க் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இதுதான். அந்தக் கோடுகளுக்கு அருகே வரைந்திருக்கும் வட்டத்தின் மையத்திலிருந்து முன்பக்கமாக 540 மில்லிமீட்டர் தள்ளி ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். கடல்நீர்க் கோடுகள் அதன் முன்புறமும், நன்னீர்க் கோடுகள் பின்புறமும் நீளும். ஒவ்வொரு கோடும் 25 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. எல்லையாகக் கொள்ள வேண்டியது அதன் மேல்விளிம்பை. கீழ்விளிம்பை எல்லையாக நினைத்து நிறுத்தினால் இந்த அளவுக் கப்பலில் 145 டன் இடம் வீணாகும்.

துறைமுக நீர் பெரும்பாலும் முழு உப்பாகவும் இருக்காது, முழு நன்னீராகவும் இருக்காது. அடர்த்தி 1.010 என்று அளந்தீர்கள் என்றால், 1.025க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் 15. அதைக் கடல்நீருக்கும் நன்னீருக்கும் உள்ள வித்தியாசமான 25ஆல் வகுத்து 293ஆல் பெருக்குங்கள். 176 மில்லிமீட்டர் கிடைக்கும். அதாவது இந்தத் துறையில் 12.976 மீட்டர் வரை ஏற்றலாம். கடலுக்குப் போனதும் கப்பல் தானாக 12.80க்கு எழும்பிவிடும். துறையிலிருந்து கடல் வரை போகும் வழியில் செலவாகும் எரிபொருளுக்கும் நீருக்கும் தனியாக அளவு சேர்க்கலாம். முப்பது டன் செலவானால் அது அரை சென்டிமீட்டர்.

சரக்கு ஏற்றும் இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை அடுத்த படியில்தான் வருகிறது. இப்போதைய சராசரி மிதவை ஆழம் 12.40 மீட்டர் என்றால் இன்னும் 57.6 சென்டிமீட்டர் பாக்கி. அதை 58ஆல் பெருக்கி 3,341 டன் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 58 என்பது 1.025 அடர்த்திக்கான எண். கப்பல் மிதப்பது 1.010இல். ஆகவே 58ஐ 1.010ஆல் பெருக்கி 1.025ஆல் வகுக்க வேண்டும், 57.15 வரும். அப்போது ஏற்றக்கூடியது 3,292 டன்தான். அலவன்ஸைச் சரியாகப் போட்டுவிட்டு டி.பி.சி.யைத் திருத்தாமல் விட்டால் 49 டன் மிகையாகும். கடலுக்குப் போனபின் கோடு எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீருக்குள் இருக்கும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. அடர்த்தியைப் பார்க்கவே பார்க்காமல் 12.80இல் நிறுத்தினால் 2,300 டன்னோடு வேலை முடிந்துபோகும். ஏறத்தாழ ஆயிரம் டன் சரக்கு கரையிலேயே தங்கிவிடும்.

இன்னொரு பரவலான பிழை, 293 என்ற எண்ணை எல்லா நிலைக்கும் பயன்படுத்துவது. அது முழுச் சுமைக்கு மட்டுமே உரியது. அதே கப்பல் சரக்கில்லாமல், பேலஸ்ட் நீரோடு (கப்பலை நிலையாக வைக்கத் தொட்டிகளில் நிரப்பும் நீரோடு) 24,000 டன் எடையில், டி.பி.சி. 52ஆக இருக்கும்போது ஆற்றுக்குள் வந்தால் 115 மில்லிமீட்டர்தான் அமிழும். சுமைக் கோட்டுச் சான்றிதழில் எழுதியிருக்கிறதே என்று 293 போட்டால் கணக்கு இரண்டரை மடங்கு தவறிவிடும்.

என் பரிந்துரை, மாணவர்கள் அலவன்ஸ் சூத்திரத்தைச் சுமைக் கோட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வழி போதும். கப்பலின் உண்மையான எடையை 1.025ஆல் பெருக்கி, அளந்த அடர்த்தியால் வகுத்து, அந்த எண்ணை, எந்த எடைக்கு எவ்வளவு ஆழம் என்று காட்டும் கப்பலின் ஹைட்ரோஸ்டாடிக் அட்டவணையில் தேடி மிதவை ஆழத்தை எடுக்க வேண்டும். அட்டவணை 1.025 அடர்த்திக்குப் போடப்பட்டது என்பதால் இந்த ஒரு பெருக்கலே எல்லாத் திருத்தத்தையும் செய்துவிடுகிறது. 24,000 டன்னுக்கு நன்னீரில் 24,600 வரும். கூடுதல் 600ஐ 52ஆல் வகுத்தால் அதே பதினொன்றரை சென்டிமீட்டர். 68,000 டன்னுக்கு 1.010 அடர்த்தியில் இவ்வழியில் 174 மில்லிமீட்டர் வருகிறது. அலவன்ஸ் சூத்திரம் 176 என்றது. இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குக் காரணம், சூத்திரம் அடர்த்தி மாற்றத்தை நேர்கோடாகப் பிரித்துக்கொள்வது. நன்னீரில் இரண்டு வழியும் ஒன்றாகப் பொருந்தும்.

கட்டுரையில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது 'முன்னும் பின்னும் ஒரே சீராக' என்ற சொற்கள். நிறைசுமையில் இருக்கும் சரக்குக் கப்பல் அப்படி அமிழாது. நீர்மட்டப் பரப்பின் மையமும், விலக்கப்பட்ட நீரின் கன அளவு மையமும் (மிதப்பு மையமும்) ஒரே இடத்தில் இல்லை. நம் கப்பலின் நீளம், முன்முனையிலும் பின்முனையிலும் கொள்ளப்படும் செங்குத்துக் கோடுகளுக்கிடையே, 185 மீட்டர் என்போம். பின்முனையிலிருந்து அளந்தால் நீர்மட்டப் பரப்பின் மையம் 88 மீட்டரிலும், மிதப்பு மையம் 95 மீட்டரிலும் இருக்கிறது. நன்னீரில் கூடுதலாக விலகும் 1,659 கன மீட்டர் நீர் 88ஆம் மீட்டரில் போய்ச் சேருகிறது. அதனால் மொத்த மிதப்பு மையம் சுமார் 17 சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்கிறது. எடையின் மையம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. தாங்கும் விசை பின்னே போய்விட்டதால் கப்பல் முன்பக்கமாகக் குனியும்.

எவ்வளவு குனியும்? 68,000 டன்னை 0.1707 மீட்டரால் பெருக்கினால் திருப்புத்திறன் சுமார் 11,600 டன் மீட்டர். டிரிமை, அதாவது முன்பின் ஆழ வித்தியாசத்தை, ஒரு சென்டிமீட்டர் மாற்ற இந்தக் கப்பலுக்குக் கடல்நீரில் 800 டன் மீட்டர் வேண்டும் என்றால் நன்னீரில் 780 போதும். வகுத்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். கடலில் முன்னும் பின்னும் 12.80 என்று சமமாக நின்ற கப்பல், ஆற்றுக்குள் வந்ததும் முன்னே 13.17 மீட்டரும் பின்னே 13.02 மீட்டரும் காட்டும். சராசரி 13.09 என்று மட்டும் பார்த்துவிட்டு நீர்த்தடத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டவர், முன்முனையில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியைத் தன்னை அறியாமலே இழந்திருப்பார். தரைக்கும் ஏராவுக்கும் நடுவே சில பத்து சென்டிமீட்டர் மட்டுமே விட்டுச் செல்லும் இடத்தில் இது பெரிய தொகை. ஓடும்போது கப்பல் மேலும் தாழ்வது தனிக் கணக்கு. அதை இங்கே எடுக்கவில்லை. ஆற்றுத் துறைக்குப் போகும் கப்பலைக் கடலில் கொஞ்சம் பின்பக்கம் தாழ்வாக ஏற்றி அனுப்புவதற்கு இது ஒரு காரணம்.

பனாமா கால்வாய் இதற்கு நல்ல சான்று. அதன் பழைய பூட்டுகளில் (கப்பலை ஏற்றி இறக்கும் கதவுடைய நீர்த்தொட்டிகளில்) அனுமதிக்கப்படும் அதிகபட்ச மிதவை ஆழம் 12.04 மீட்டர். இது கால்வாய் வழியில் உள்ள கட்டூன் ஏரியின் வெதுவெதுப்பான நன்னீருக்கான அளவு. அந்த நீரின் அடர்த்தி 0.9954 என்று கொள்ளப்படுகிறது, அதாவது 1.000க்கும் கீழே. நம் கப்பல் அங்கே 12.04இல் மிதக்க வேண்டுமானால் கடலில் ஏறத்தாழ 11.72 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது. கடலில் 12.04 வரை ஏற்றிக்கொண்டு போய் நின்றால் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் மிகை.

சரக்கு ஏற்றும்போதும் சராசரி மட்டும் பார்ப்பது ஆபத்து. நீர்மட்டப் பரப்பின் மையத்திலிருந்து 40 மீட்டர் முன்னால் உள்ள அறையில் 600 டன் கொட்டினால், கப்பல் முழுவதுமாக 10.3 சென்டிமீட்டர் அமிழும். கூடவே 600ஐ 40ஆல் பெருக்கி 800ஆல் வகுத்தால் டிரிம் 30 சென்டிமீட்டர் மாறும். அந்த முப்பதைப் பாதிப் பாதியாகப் பிரிக்கக்கூடாது. மையம் 88ஆம் மீட்டரில் இருப்பதால் பின்னுக்கு 14.3, முன்னுக்கு 15.7. முடிவில் முன்முனை 26 சென்டிமீட்டர் தாழும், பின்முனை நான்கு சென்டிமீட்டர் உயரும். சரக்கு ஏற்றுகிறோம், பின்பக்கம் ஏன் எழும்புகிறது என்று புதியவர்கள் திகைக்கும் இடம் இது.

இத்தனை கணக்கும் இரண்டு அளவுகளை நம்பி நிற்கிறது: அடர்த்தி, மிதவை ஆழம். இரண்டையும் அளப்பதில்தான் கவனக்குறைவு அதிகம்.

அடர்த்தி 0.001 தவறினால் 68,000 டன் கப்பலில் 66 டன் தவறுகிறது. மழை பெய்த பிறகு மேல்மட்டத்தில் நன்னீர் படலமாக நிற்கும். ஆற்று முகத்தில் உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் ஓடும். எனவே வாளியை விட்டு மேல்நீரை மொண்டு எடுத்த மாதிரி எதற்கும் உதவாது. மூடிய மாதிரிக் குப்பியை மிதவை ஆழத்தின் பாதி அளவுக்கு இறக்கித் திறக்க வேண்டும். ஆழமான கப்பலென்றால் வெவ்வேறு ஆழங்களிலும், கப்பலின் முன், நடு, பின் மூன்று இடங்களிலும் எடுத்துச் சராசரி காண வேண்டும். கரைப்பக்கம் மட்டும் எடுப்பதும் தவறு. கழிவுநீர்க் குழாய் அங்கே திறந்திருக்கலாம், கப்பலே பேலஸ்ட் நீரை அங்கே வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். ஏற்றவற்றத்தோடு அடர்த்தி மாறும் என்பதால், ஆழம் வாசிக்கும் அதே நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும். காலையில் எடுத்த எண்ணை மாலைக் கணக்கில் போடக்கூடாது. நீரை எடுத்தவுடனே, அதன் வெப்பம் மாறுவதற்குள் ஹைட்ரோமீட்டரை (நீரில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவியை) வாசிக்க வேண்டும். கண்ணாடித் தண்டில் நீர் சற்றே ஏறி ஒட்டியிருக்கும். அந்த ஏறிய விளிம்பை விட்டுவிட்டு, தட்டையான நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

ஹைட்ரோமீட்டரிலும் இரண்டு வகை உண்டு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று சுமைக் கோட்டுக்கானது. தூய நீரோடு ஒப்பிட்ட ஒப்படர்த்தியைக் காட்டும். மற்றொன்று மிதவை ஆழத்தை வைத்துச் சரக்கின் எடையை அறியும் டிராஃப்ட் சர்வேக்கானது. காற்றில் நிறுத்தால் ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்று காட்டும். சரக்கு காற்றில்தான் நிறுக்கப்படுகிறது என்பதால் சர்வேக்கு இரண்டாவது வகைதான் சரி. முதல் வகையின் வாசிப்பு சுமார் 0.002 கூடுதலாக இருக்கும். 24,000 டன்னிலிருந்து 68,000 டன் வரை ஏற்றிய கப்பலில், தொடக்க சர்வேக்கும் இறுதி சர்வேக்கும் தவறான வகையையே பயன்படுத்தினால் பிழையின் ஒரு பகுதி தானே அடிபட்டுப்போகும். அப்படியும் ஏறாத 86 டன் ஏறியதாகக் கணக்கில் நிற்கும். தொடக்கத்தில் ஒரு வகை, இறுதியில் மற்றொரு வகை என்றால் 130 டன் வரை போகும். தண்டுக்குள் உள்ள தாளில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். வாசிக்கும் முன் அதைப் பார்ப்பதற்குப் பத்து நொடி ஆகும்.

ஆழம் வாசிப்பதற்கு வருவோம். கப்பலின் பக்கங்களில் எழுதியிருக்கும் மெட்ரிக் எண்கள் ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிவிளிம்பை நீர் தொட்டால் அதுவே ஆழம். எண் முழுவதும் மூழ்கி மேல்விளிம்பை நீர் தொட்டால் பத்து சென்டிமீட்டர் கூடுதல். ஆறு இடங்களிலும், அதாவது முன், நடு, பின், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கடல்பக்கத்துக்குப் படகு கேட்காமல் கரைப்பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, சாய்வுமானியை வைத்து மறுபக்கத்தை ஊகிப்பது நடக்கிறது. நம் கப்பல் அகலத்துக்கு அரை டிகிரி சாய்வு என்றாலே இரு பக்கத்துக்கும் 28 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். சாய்வுமானி முள்ளை அந்த நுணுக்கத்துக்கு வாசிக்க முடியாது. அலை இருந்தால் ஒரு உச்சத்தையும் ஒரு பள்ளத்தையும் பார்த்துச் சராசரி எடுப்பது போதாது. பல அலைகளைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். வாசிக்கும் நேரத்தில் பேலஸ்ட் பம்பும் கிரேனும் நின்றிருக்க வேண்டும்.

கப்பல் வளையும் என்பதையும் கட்டுரை தொடவில்லை. முன்னே 12.70, பின்னே 12.90, நடுவில் 12.86 என்று வாசிப்பு வந்தால், முன்பின் சராசரி 12.80, நடுப்பகுதி ஆறு சென்டிமீட்டர் தொய்ந்திருக்கிறது. இத்தகைய கப்பலுக்கு நடு ஆழத்தை ஆறு மடங்காக்கி, முன்னையும் பின்னையும் கூட்டி, எட்டால் வகுப்பதே வழக்கம். 12.845 வரும். 12.80 என்று விட்டுவிட்டால் 260 டன் காணாமல் போகும். அதோடு, சுமைக் கோடு கப்பலின் நடுவில்தான் வரையப்பட்டிருக்கிறது. முன்பின் சராசரி எல்லைக்குள் இருந்தாலும் நடுவில் தொய்ந்த கப்பலின் கோடு மூழ்கியிருக்கும். அது மீறல்தான். சரக்கை அறைகளில் பிரித்துக் கொட்டும் வரிசையைத் திட்டமிடும்போதே இந்தத் தொய்வைக் குறைக்கப் பார்க்க வேண்டும். ஏற்றி முடித்தபின் செய்ய எதுவும் மிச்சமில்லை.

இதன் பிறகு ஆழக் குறிகள் செங்குத்துக் கோடுகளில் இல்லாததற்கான திருத்தம், டிரிமுக்கான இரண்டு திருத்தங்கள், சாய்வுக்கான திருத்தம் எல்லாம் வரிசையாக உண்டு. அவை ஹைட்ரோஸ்டாடிக் அட்டவணை முன்னுரையிலேயே கிடைப்பதால் இங்கே நீட்டவில்லை. வரிசையை மட்டும் மாற்றக்கூடாது: டிரிம் திருத்தங்களையும் சாய்வுத் திருத்தத்தையும் அட்டவணையின் 1.025 மதிப்பில் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் அளந்த அடர்த்தியால் பெருக்கி 1.025ஆல் வகுக்க வேண்டும். அடர்த்தித் திருத்தத்தை இடையில் நுழைத்துவிட்டு, பின்னால் வரும் டிரிம் திருத்தத்துக்கு அதைப் போட மறந்த தாள்களைப் பார்க்க முடிகிறது. டிரிம் ஒரு மீட்டர் இருக்கும் கப்பலில் அதனால் சில டன் தவறும். மூன்று மீட்டர் பின்தாழ்வோடு வெறுமையாக வரும் கப்பலில் அது கூடும். சரக்கின் எடையை அறிய, கணக்கில் கிடைத்த மொத்த எடையிலிருந்து பேலஸ்ட் நீர், குடிநீர், எரிபொருள், வெறுங்கப்பல் எடை ஆகியவற்றைக் கழிக்கும்போது, பேலஸ்ட் நீரின் அடர்த்தியையும் தொட்டியிலிருந்தே எடுத்து அளக்க வேண்டும். எங்கோ ஆற்றில் ஏற்றிய பேலஸ்டை 1.025 என்று எழுதினால் பத்தாயிரம் கன மீட்டருக்கு 250 டன் பிழை. வெளிநீரை மூன்று இடத்தில் அளந்துவிட்டு உள்நீரை ஊகிப்பதில் பயனில்லை.

கட்டுரையின் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவு என்றால், எடை மாறாது என்பதையும், நிறைசுமைக் கப்பல் நன்னீரில் முன்பக்கம் குனியக்கூடும் என்பதையும் மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சரக்குக் கப்பல் அளவைப் பணியில் உள்ள வாசகர்